நாலு மணிச் சிரிப்பு

தேவனுக்கு ஸ்தோத்திரம்.

காவாந்தண்டலம்,
ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து.

என் மகன் தானியேலுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். சுகம் என்று எழுத இந்த வருஷம் கை கூசுகிறது, இருந்தாலும் அந்தச் சொல் இல்லாமல் கடிதம் தொடங்கினால் பிரித்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும், அதனால் எழுதிவிட்டேன். சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், தூக்கம் வரும்போது தூங்குகிறேன். நீ சுகமாக இருப்பதாக உன் அக்கா ஷாரோன் சொல்கிறாள். அவளுக்கு மட்டும் மெசேஜ் போடுகிறாயாம். எனக்குப் போடுவதில்லை, நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. அதனால்தான் அவளிடம் உன் டப்ளின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு உத்திரமேரூர் போஸ்ட் ஆபீசுக்கு நானே போய்ப் போடுவேன். போன் அடித்தால் எடுக்காமல் விடலாம், அம்மா கையெழுத்தைப் பிரிக்காமல் எத்தனை நாள் மேசைமேல் வைத்திருப்பாய் என்று பார்க்கிறேன்.

ஊர்ச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மழைக்குக் குறையில்லை, ஏரி நிரம்பி வழிந்து ஓடுகிறது. நடவுக்குக் கூப்பிடுகிறார்கள், இடுப்பு சரியென்றால் போகிறேன், இல்லையென்றால் வீட்டோடு இருக்கிறேன். கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, அதில் ஒன்றுக்கு நாலு காலிலும் வெள்ளை, சாக்ஸ் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி திரிகிறது. ஷாரோன் பழையசீவரத்திலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வந்து போகிறாள். அவளுடைய சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான். நடக்கத் தெரிந்ததும் அவன் நேரே போய் நிற்கிற இடம் டி.வி.தான், அதன்மேல் போட்டிருக்கிற போர்வையைப் பிடித்து இழுப்பான், இவள் ஓடிப் போய்க் கையைத் தட்டிவிடுவாள். ஆமாம், டி.வி. போர்வைக்குள்தான் இருக்கிறது. உன் பெரியப்பா எல்லப்பன் அன்றைக்கு மூடியது மூடியதுதான். சாவு விழுந்த வீட்டில் நினைவு ஜெபம் முடியும்வரை டி.வி. போடக் கூடாது என்பது நம் தெருவில் இருக்கிற வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வழக்கத்துக்காக மூடவில்லை, கோபத்தில் மூடினார். அந்தக் கோபம் உன்மேல்.

இனிமேல் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் நைனாவின் நினைவு ஜெபத்துக்கு நீ போனில்கூட வரப்போவதில்லை என்று ஷாரோனுக்கு எழுதியிருக்கிறாய். அம்மா மூஞ்சியில் முழிக்க எனக்கு யோக்கியதை இல்லை, இனி ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதை அவள் படித்துக் காட்டியபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். புருஷனை மண்ணில் வைத்துவிட்டேன், அதற்குக் கணக்கு கர்த்தரிடம் இருக்கிறது. பெற்ற பிள்ளை உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போவதற்கு நான் யாரிடம் போய்க் கேட்பது? அப்படி என்ன செய்துவிட்டாய் நீ? அன்றைக்கு நீ போனுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். இந்தப் பக்கம் நடந்தது முழுசாக உனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத்தான் இத்தனை நாள் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாய், அதனால் நானே சொல்கிறேன்.

நைனா சனிக்கிழமை விடியும்போது மார்வலி வந்து போனார். விசா புதுப்பிக்கக் கொடுத்த உன் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை, வர வழியில்லை என்று நீ போனில் கதறியதும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். காலையிலிருந்து ஷாரோன் போனை ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஒரு செம்பில் சாய்த்து வைத்திருந்தாள். அங்கே விடியாத நேரத்திலிருந்து நீ அதிலேயே உட்கார்ந்திருந்தாய், வந்த சனம் எல்லாம் நைனாவைப் பார்த்துவிட்டு அடுத்து உன்னைப் பார்த்து அழுதார்கள். நாலு மணிக்கு மரப்பெட்டிக்கு மாற்றி, பாஸ்டர் ஜெபம் பண்ணி, கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தெருவே மூச்சு விடாமல் நின்றது. அப்போதுதான் போனிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. ஒரு ஆள் சிரிப்பு இல்லை, ஒரு கொட்டகை நிறைய சனம் சிரிக்கிற சிரிப்பு. பிறகு ஐயோ என்று ஒரு பெண் குரல், எதுவோ கீழே விழுந்த சத்தம், அதோடு நின்றுவிட்டது. உன் பெரியப்பா, அப்பங்காரன் பொட்டியில கெடக்குறான், இவன் அங்க காமெடி பாத்துக்கினு கீறான், கூட ஒரு பொண்ணு வேற, அத்த கட் பண்ணித் தொலைங்க என்று கத்தினார். யாரோ கட் பண்ணினார்கள். நைனாவின் கடைசி முகத்தை நீ பார்க்கவில்லை. மண் போட்டதையும் பார்க்கவில்லை. உள்ளே போன பெரியப்பா டி.வி. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் போர்வையால் மூடினார், பாவம் அந்த டி.வி. அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.

இதுவரை உனக்கும் தெரியும். இனிமேல் சொல்வது எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தச் சிரிப்பு வந்ததே, அதில் எல்லோருக்கும் முன்னால் ஒருத்தி தொடங்கி, எல்லோரும் முடித்த பிறகு முட்டை இட்ட கோழி மாதிரி கேறி முடிப்பாள். அந்தக் கேறல் காதில் விழுந்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அத்தனை சனத்தில் அவளைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி நான், இன்னொருவர் பெட்டிக்குள் இருந்தார். நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அதோ கேறிட்டா பாரு என்று சொல்லுவாரே, அதைச் சொல்லிவிடுவார் என்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தானி. கட்டின புருஷனின் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், ஜெயம்மாள் தாங்க மாட்டாமல் அழுகிறாள் என்று இரண்டு பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள், பிடித்ததும் அதுவே அழுகையாகிவிட்டது. அன்றைக்கு அந்த இடத்தில் சிரித்தது யார் என்று கேட்டால் நீ இல்லை, நான்.

அந்தச் சிரிப்பு வருகிற லிப்ட் ரிப்பேர் ஆபீஸ் டி.வி. தொடர் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதும் உனக்குப் பாதிதான் தெரியும். அரிசி மில்லில் மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்த பிறகு நைனாவுக்கு வேலை போனதைவிட நாலு மணி போனதுதான் பெரிய பேஜாராக இருந்தது. மில்லில் நாலு மணிக்கு டீ வரும். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் தவிட்டு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிச் சிரிப்பார்களாம், முதலாளி வருகிற சத்தம் கேட்டால்தான் நிற்குமாம். வீட்டோடு உட்கார்ந்த பிறகு நாலு மணி ஆனால் எழுந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார், டீ போட்டுக் கொடுத்தால் ஆறவிட்டு வைத்துவிடுவார். அப்படி ஒரு நாள் ரிமோட்டை அழுத்திக்கொண்டு போனவர் அந்தத் தொடரில் நின்றார். பேச்சுக்கு மட்டும் தமிழ் ஆள் போட்டிருந்தார்கள், மற்றது எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். அரசாங்கம் கொடுத்த நம் டி.வி.யில் நிறம் பச்சையடிப்பதால் வெள்ளைக்காரர்கள் நம் வீட்டில் மட்டும் பச்சைக்காரர்கள். ஆபீசில் ஆறேழு பேர், எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோனாலும் இவர்களுக்குப் போன் வரும், ஆள் போய்ச் சேரும்வரை உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கதை. பழைய தொடர், போட்டதையே திரும்பத் திரும்பப் போடுகிறான் என்று நான் சொன்னால், மில்லுலயும் டெய்லி அதே ஆளுங்கதான், அதே பேச்சுதான், பேஜாரா ஆச்சா இன்னா என்பார். அன்றைக்குத்தான் அவர் டீயைச் சூடாகக் குடித்தார்.

பேர் வாயில் நுழையாததால் அவரே பேர் வைத்தார். தினம் பலகையில் ஒரு சட்டம் எழுதிப் போட்டுவிட்டு முதலில் தானே அதை மீறுகிற மேனேஜர் மேஸ்திரி. போன் எடுக்கிற பெண், நம் தெருக்கோடி வளர்மதியைப் போல நெற்றியைச் சுருக்குவதால் அவள் வளர்மதி. கையில் எப்போதும் எண்ணெய்க் கறையோடு வருகிற மெக்கானிக் நெட்டையன். வளர்மதிக்கும் நெட்டையனுக்கும் ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு ஆசை, ஊருக்கே தெரியும், அவர்கள் இரண்டு பேரும் மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொல்ல வாயைத் திறக்கும்போது போன் அடிக்கும், எங்கேயோ எவனோ லிப்டில் மாட்டிக்கொண்டிருப்பான். உன் நைனா டி.வி.யைப் பார்த்து, சொல்லித் தொலைடா நெட்ட, அவன் லிப்டுலயே கெடக்கட்டும் என்று கத்துவார். பக்கத்து வீட்டு சொக்கம்மாள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். கதை முடிகிற இடம் வந்தால் சேனல்காரன் முதலிலிருந்து திரும்பத் தொடங்கிவிடுவான், கடைசிப் பாகத்தை அவன் வாங்கவே இல்லையோ என்னவோ. நீ இங்கிலீஷில் முழுசும் பார்த்தவன், முடிவைச் சொல்லட்டுமா என்று கேட்டாய். வேணாம் நைனா, என்னிக்காவது போடுவான், நானே பாத்துக்கறேன் என்று உன்னைத் தடுத்துவிட்டார். பெற்ற பிள்ளையையும் நைனா என்றுதான் கூப்பிடுவார், அந்தக் குரல் இந்த வீட்டில் இல்லாதது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகுதான் நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு ஒன்று செய்துகொண்டீர்கள். இங்கே நாலு மணி, அங்கே உனக்கு நாஷ்டா நேரம். நைனா இங்கே தமிழில் போடுவார், நீ அங்கே இங்கிலீஷில் போடுவாய், நடுவில் போன். நீங்கள் பார்ப்பது ஒரே நாள் கதைகூட இல்லை, இங்கே வளர்மதி அழுதுகொண்டிருப்பாள், அங்கே மேஸ்திரி வழுக்கி விழுந்துகொண்டிருப்பான். பேசிக்கொள்வதும் கிடையாது. இங்கே ஒரு சிரிப்பு முடிந்தால் போனில் ஒரு சிரிப்பு வரும், அப்பனும் பிள்ளையும் அதைக் கேட்டு ஒரு சிரிப்பு. இதென்ன கூத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு நாலு வார்த்தை பேசக் கூடாதா என்று நான் கேட்டேன். பேசறதுக்கு இன்னா கீது, கூட உக்காந்துக்கினு கீறான், அது போதாதா என்றார். உன் ஆபீசும் அந்த மாதிரிதான் என்று அவர் முழுசாக நம்பினார். தானிக்கும் ஒரு மேஸ்திரி இருப்பான், டீ குடிக்க நாலு சிநேகிதன் இருப்பான், நம்ம புள்ள அங்க தனியா இல்ல என்பார். உன் ஆபீசில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு மத்தியானச் சோறுகூடத் தனியாகத்தான் தின்கிறாய் என்று உன் குரலிலேயே எனக்குத் தெரியும். நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அந்த நினைப்பு நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அவரிடம் ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சிரிப்பெல்லாம் எப்போதோ பிடித்து மெஷினில் வைத்தது நைனா, வேண்டிய இடத்தில் எடுத்து ஒட்டுவார்கள், அந்தக் கேறுகிற அம்மா செத்தே பல வருஷம் ஆகியிருக்கும் என்றாய். எனக்கு உன்மேல் கோபம், வயசான மனுஷன் சந்தோஷமாகப் பார்ப்பதில் மண்ணைப் போடுகிறானே என்று. அப்புறம் அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார், செத்துப்போனா இன்னா, சிரிப்பு இன்னும் கீதுல்ல. அவ்வளவுதான் சொன்னார். நீ அந்தப் பக்கம் சிரித்தாய். அன்றைக்கு அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது அந்தப் பேச்சைத் தின்றுதான் நான் பொழுதைத் தள்ளுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை ஷாரோனிடம்கூட நான் சொல்லவில்லை. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மார் படபடப்பு என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவர் ஆயுசில் லிப்டில் ஏறியது அன்றைக்குத்தான். கதவு மூடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், பயம் என்று நினைத்தேன். ஜெயா, இது நின்னுச்சின்னா வளர்மதிக்குப் போன் போடு என்றார். கூட நின்ற நர்சம்மா எங்கள் மகள் பேர் வளர்மதி போலிருக்கிறது என்று நினைத்து, பயப்படாதீங்க ஐயா, உங்க பொண்ணு வெளியிலதான் இருக்கும் என்றது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த நர்சம்மா பிரஷரைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. நானும் அவரும் சேர்ந்து சிரித்ததில் அதுதான் கடைசி.

இப்போது சொல், அந்தக் கேறல் அவர் பெட்டி மூடுகிற நேரத்தில் வந்தது அவமானமா? ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. டி.வி. தானாக வந்ததா, கூட இருந்த பெண் கை தவறி அழுத்தினாளா, இல்லை நைனாவுக்காக நீயே போட்டாயா என்று நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். எப்படி வந்திருந்தாலும் அது வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்தது. மூன்றாம் நாள் ஜெபத்தில் பெரியப்பா திரும்பவும் அந்தப் பேச்சை எடுத்தார், வந்திருந்த சொந்தமெல்லாம் உச்சுக் கொட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அதுவரை பொறுத்தவள், அப்போது எழுந்து நின்றுவிட்டேன். அந்த சிரிப்ப எனக்குத் தெரியும், அது எங்கூட்டு சிரிப்பு, எம்புள்ள காமெடி பாக்கல, அவங்க நைனாவோட நாலு மணிக்கு உக்காந்தான், அவ்ளோதான் என்றேன். துக்கத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஒருத்தி என் தலையைத் தடவினாள். பெரியப்பா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரும் மில்லில் இருந்தவர்தான், மெஷின் சத்தத்தில் ஒரு காது போனவர். பல நாள் நாலு மணிக்கு வந்து நைனா பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறார், நைனா சிரித்தால் இவர் சிரிப்பார், அவ்வளவுதான் அவருக்குக் கேட்டது. போன வாரம் நாலு மணிக்கு வந்தார். நான் டீ கொடுத்தேன். போர்வை மூடிய டி.வி.க்கு எதிரே, நைனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து குடித்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, ஜெயம்மா, அந்த லிப்ட்டு பொண்ணு கடசில அவங்கிட்ட சொல்லிச்சா இல்லியா, தானிக்குத் தெரியுமில்ல, கேட்டுச் சொல்லு என்றார். உன் பேரை அவர் வாயில் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்கவும் தெரியாது, கொடுக்கவும் தெரியாது, அவருக்குத் தெரிந்தது இதுதான். நான் கேட்டுச் சொல்லமாட்டேன். அவருக்கு நீயேதான் சொல்ல வேண்டும், நல்ல காது எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் அவளை வைத்து என்னென்னமோ பேசியது, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உன்னை நினைத்து எனக்கு இருந்த பயம் எல்லாம் ஒன்றுதான், அப்பன் செத்த அன்றைக்கு என் பிள்ளை ஒரு ரூமில் தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்து அழுகிறானே, தோளைத் தொட ஒரு ஆள் இல்லையே என்று. ஐயோ என்று அந்தக் குரல் கேட்டபோது எனக்கு மனசு ஆறியது. பதறியபோது வாயில் ஐயோ வந்ததே, எந்த ஊராக இருந்தாலும் நம்மைப் போலத்தான் ஒருத்தி. சிநேகிதியோ, கூட வேலை செய்கிறவளோ, வேறு என்னவோ, எனக்குத் தெரியாது. அவள் தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுதுகொண்டிருந்தால், உன் அத்தனை துக்கத்திலும் அவளை உட்கார வைத்து, எங்கள் அம்மா கோபப்படவில்லை என்று சொல். அதற்கு மேலே சொல்ல வேறு ஏதாவது உன் மனசில் இருந்தால் போன் அடிக்கும்வரை காத்துக்கொண்டிருக்காதே. நைனா இருந்தால் என்ன சொல்லிக் கத்துவார் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

நினைவு ஜெபம் அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா சாயங்காலம் ஆறு மணி என்றார், நான் மூன்று மணிக்கு என்று வைத்துவிட்டேன். நாலுக்குள் முடித்துத் தாருங்கள் என்று பாஸ்டரிடமும் சொல்லியிருக்கிறேன், காரணம் அவர் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் வழக்கப்படி வீட்டு ஆள்தான் போர்வையை எடுக்க வேண்டும், அதை நான் எடுப்பேன். சொந்தமெல்லாம் அப்போதும் உட்கார்ந்துதான் இருப்பார்கள், இருக்கட்டும். நைனாவின் நாற்காலியில் போனைச் சாய்த்து வைப்பேன், டீ சூடாக வைப்பேன். அவருடைய கடைசி முகத்தை உனக்கு மறைத்துவிட்டார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. அவருடைய நாலு மணியை என்னால் கொடுக்க முடியும்.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, கொஞ்சம் சோறு பொங்கிக்கொள். பைபிளை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, படுக்கும்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அந்நிய மண்ணில் உனக்கு நல்ல சிநேகிதர்களையும் சூடான சோற்றையும் தருவாராக, உன் நைனாவின் நல்ல மனசு உன்னோடு இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இங்கே நான் போடுவேன், அங்கே நீ போடு. அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்காரட்டும். ஷாரோன் பயந்துகொண்டு, சனம் இருக்கிறது, மியூட்டில் போடு என்று உனக்கு மெசேஜ் அனுப்புவாள். போடாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா
பி. ஜெயம்மாள்